கை மாறிய மெட்டு

ஹாரி பாட்டர் படங்கள் எட்டு, 2001 முதல் 2011 வரை. இசையமைத்தவர்கள் நால்வர். முதல் மூன்றுக்கு ஜான் வில்லியம்ஸ்; பிறகு பாட்ரிக் டாயில், நிக்கோலஸ் ஹூப்பர், அலெக்ஸாந்த்ர் தெஸ்ப்ளா. செலஸ்டாவில் சின்னச் சின்ன மணி அடிக்கிற மாதிரி வில்லியம்ஸ் போட்ட மெட்டு எட்டிலும் வருகிறது. ஆள் மாறினாலும் மெட்டுக்கு அவர் பேரைப் போடுகிறார்கள்.

எங்க அப்பா சாவுக்கு அடிச்ச பறையடி, அவங்க அப்பாகிட்ட கத்துக்கிட்டது. "இத மொதல்ல கட்டுனது யாருப்பா?"ன்னு கேட்டேன். "நம்மாளுதான்"னாரு. பேரு தெரியல. கை மாறி மாறி வந்தும் அடி பிசகல. ஊர்க்காரன் எங்களுக்கு வச்ச பேரு ஒண்ணுதான்: "அடிடா."

அந்த 'டா'வுக்காகவே நான் அடிகுச்சியைத் தொடவில்லை. அது சரிதான். ஆனால் அந்த மெட்டு ஒவ்வொரு படத்திலும் திரும்பி வரும்போது, என்னோடு நின்றுபோன அடிதான் காதில் கேட்கிறது.