குலுக்கைக்குப் பின்னால் ஒரு கதை

வாரப் பத்திரிகை வந்ததும் யார் முதலில் எடுப்பது என்று உங்கள் வீட்டில் சண்டை நடக்கிறதா? அப்படியானால் நீங்கள் பாக்கியசாலிகள். ஸ்ரீவைகுண்டத்தில் நான் சிறுமியாக இருந்தபோது எங்கள் வீட்டில் அந்தச் சண்டைக்கே இடமில்லை. பத்திரிகை வந்தால் நேரே நெல் குலுக்கைக்குப் பின்னால் போய்விடும். ஒளித்து வைப்பவள் என் அம்மா.

"பொம்பளை கையில கதைப் புஸ்தகம் இருந்தா அடுப்புல பால் பொங்கிப் போகும்" என்பது ஆச்சியின் தீர்ப்பு.

ஆச்சி படிப்புக்கு விரோதி என்று எண்ணிவிடாதீர்கள். குமரகுருபரர் பிறந்த ஊர் அல்லவா! ஐந்து வயது வரை ஊமையாக இருந்தவர் திருச்செந்தூர் முருகன் அருளால் பாடியதாகச் சொல்லும் கந்தர் கலிவெண்பா, ஆச்சிக்கு மனப்பாடம். பக்கத்து வீட்டுப் பெரியம்மை பெரிய எழுத்து அல்லி அரசாணி மாலையை ராகம் போட்டு வாசித்தால், முதல் ஆளாய்ப் போய் உட்காருவாள். பத்துப் பேர் கேட்க வாசித்தால் நல்ல காரியம். ஒருத்தி தனியாக, வாய் திறக்காமல் வாசித்தால் களவு!

1948-ல் நூலகச் சட்டம் வந்து, வீட்டு வரியோடு நூலக வரியும் சேர்ந்தது. தாத்தா முணுமுணுத்துக்கொண்டே கட்டினார். அந்தப் பணத்தில் வாங்கிய புத்தகம் ஒன்றாவது எங்கள் வீட்டுப் பெண்கள் கைக்கு வந்ததில்லை.

1950-ல் 'கல்கி'யில் பொன்னியின் செல்வன் ஆரம்பமாயிற்று. திருநெல்வேலியிலிருந்து மாமா திருச்செந்தூர் ரயிலில் வருவார். தென்கரை ஸ்டேஷனில் இறங்கி, ஆற்றைக் கடந்து, முருங்கைக்காய்க்கு அடியில் பத்திரிகையை வைத்துக் கொண்டு வருவார். ஒரு நாள் ஆச்சி பார்த்துவிட்டாள். அந்த இதழ் வெந்நீர் அடுப்புக்குப் போயிற்று. அம்மா அழவில்லை, அன்று ராத்திரி சாப்பிடவும் இல்லை.

சில மாதம் கழித்து ஆச்சி வழுக்கி விழுந்து, தொடை எலும்பு முறிந்து, கட்டிலோடு கிடந்தாள். பெரியம்மையோ மகனைப் பார்க்கத் தூத்துக்குடி போய்விட்டாள். ஆச்சிக்குப் பொழுது போகவில்லை. அம்மா குலுக்கைக்குப் பின்னாலிருந்து பழைய இதழை எடுத்து வந்து, வந்தியத்தேவன் ஏரிக்கரையில் குதிரையில் வருவதை வாசித்தாள். எப்படி? அல்லி அரசாணி ராகத்தில்! வசனத்துக்கு ராகம்! எனக்குச் சிரிப்புத் தாங்கவில்லை. ஆச்சி கண்ணை மூடிக்கொண்டு கேட்டாள்.

"ஏட்டி, அந்தப் பிள்ளை காலையில இருந்து சாப்பிட்டானா, இல்லையா?" என்றாள்.

அதற்கப்புறம், "ரயிலு வந்துட்டா?" என்று முதலில் கேட்டவள் ஆச்சிதான்.

மனம் மாறிவிட்டாள் என்கிறீர்களா? அதுதான் இல்லை. வாசித்து முடித்ததும் பத்திரிகையை வாங்கித் தன் தலையணைக்கு அடியில் வைத்துக்கொள்வாள். "போதும், அடுப்பைப் பாரு" என்பாள். கதைப் புத்தகம் வெறும் சாக்கு என்று இப்போது தோன்றுகிறது. மத்தியானம் ஊரே உறங்கும் அந்த அரை மணி நேரம்கூட மருமகளுக்குச் சொந்தமில்லை, விஷயம் அவ்வளவுதான். ஆச்சியும் ஒரு காலத்தில் மருமகளாக இருந்தவள்தானே!

ஆச்சி காலமான பின், அம்மாவை நூலகத்தில் அங்கத்தினராகச் சேர்த்தேன். எரிந்துபோன அந்த வாரத்துக் கதையை, புத்தகத்தில் தேடித் தேடி முதலில் படித்தாள். திண்ணையில் அவளை அதட்ட யாரும் இல்லை. ஆனாலும், உள்ளே காலடிச் சத்தம் கேட்டால் போதும், புத்தகம் மடிக்கு அடியில் போய்விடும். வருவது நான்தான் என்று தெரிந்த பிறகே வெளியே எடுப்பாள்.