அலசிப் பழகுங்கள்

நாற்றுப்பண்ணை வேலை பழக வருகிறவர்கள் முதலில் கேட்பது, “அந்த பீட் மூட்டை எங்கே அண்ணாச்சி கிடைக்கும்?” என்பதுதான். குளிர்நாட்டுச் சதுப்பிலிருந்து வெட்டியெடுத்துக் கப்பலேறி வரும் பாசி மக்கு அது. ஆண்டுக்கு ஏறக்குறைய ஒரு மில்லிமீட்டர்தான் சேரும். ஓர் அடிக்கு முந்நூறு ஆண்டு ஆகிவிடும். நம் விருதுநகர் வெயிலில் ஒருமுறை காய்ந்துவிட்டால் ஊற்றுகிற தண்ணீரை உள்ளே விடாது. தொட்டியோரமாய் வழிந்து போகும். ராஜபாளையம், ஸ்ரீவில்லிபுத்தூர் பக்கம் இத்தனை தென்னந்தோப்பு இருக்க, அது எதற்கு? நார் உரித்தபின் மிஞ்சும் தூள் போதும். காய்ந்தாலும் மறுபடி ஈரம் பிடிக்கும்.

ஆனால் பச்சைத் தூளை அப்படியே குழித்தட்டில் நிரப்பினால் நாற்று வெளிறிப்போகும். உப்பும் துவர்ப்பும் அதில் உண்டு. எனக்குத் தொழில் காட்டிய பெரியவர், தூளை ஊறவைத்து வடித்த தண்ணீரில் விரலை நனைத்து நாக்கில் வைப்பார். “இன்னும் கரிக்கிதுப்பா, இன்னொரு அலசு போடு” என்பார். இப்போது என்னிடம் இ.சி. மீட்டர் இருக்கிறது; அவர் நாக்கு சொன்னதைத்தான் அதுவும் சொல்கிறது. போர் தண்ணீர் உப்பாக இருந்தால் அலசியும் பயனில்லை, மழைத்தண்ணீரைப் பிடித்துவையுங்கள். அலசியும் போகாத சோடியத்துக்குக் கால்சியம் நைட்ரேட் கரைசலில் ஊறப்போடுவதுதான் வழி.

தொட்டிச் செடிக்கென்றால் மக்கவும் வைக்க வேண்டும். கோவை வேளாண் பல்கலைக்கழக முறைப்படி ஒரு டன்னுக்கு 5 கிலோ யூரியா, 5 புட்டி சிப்பிக்காளான் வித்து. நூறு கிலோ தூள் பரப்பி வித்து, அதன்மேல் நூறு கிலோ பரப்பி யூரியா என்று மாற்றி மாற்றி அடுக்கி, நிழலில் ஈரம் காக்க வேண்டும். 60 நாளில் தூள் கறுக்கும். 112:1 ஆக இருந்த கரி, தழைச்சத்து விகிதம் 24:1 ஆக இறங்கும். முழுதாக மக்காத தூளில் வைத்தால், செடிக்குப் போட்ட தழைச்சத்தை நுண்ணுயிர்கள் தின்றுவிடும்.

சிவகாசியிலிருந்து வந்த தம்பி ஒருவன், வெடித்த பட்டாசுக் காகிதத்தையும் குவியலில் போடலாமே என்றான். வேண்டாம். அதில் ஒட்டியிருக்கும் கந்தகமும் உலோக உப்பும் மக்கிப் போகிறவை அல்ல.

ஈரப்பதம் பார்க்க ஒரு கைப்பிடி அள்ளிப் பிழியுங்கள். விரலிடுக்கில் ஓரிரு சொட்டு கசிந்து, உருண்டை நின்று, தட்டினால் உதிர வேண்டும். பிறகு செம்மண், தொழு உரம், மக்கிய தூள் மூன்றும் சமபங்கு. கரிசலைத் தொட்டிக்குச் சேர்க்காதீர்கள். காய்ந்தால் வெடித்து வேரை அறுக்கும்.

என்னிடம் வருகிறவர்களுக்கு முதலில் அலசும் வேலைதான். விதையைத் தொடுவது அதற்கப்புறம்.