ஒரு காதுக்கு ஒருவர்

மழை விட்ட ஞாயிறு பின்னேரம். கண்டி மணிக்கூட்டுக் கோபுரத்துக்குக் கிட்ட, மாடியில் இருக்கும் தேத்தண்ணிக் கடை. கீழே பேராதனை பஸ்ஸும் கட்டுகஸ்தோட்டை பஸ்ஸும் ஹோன் அடித்து ஒன்றையொன்று மிரட்டிக்கொண்டிருக்கின்றன. மூலை மேசையில் நாலு பேர். அடுத்த மேசையில் நான். கையில் வாரப்பதிப்பு, கண் அதில் இல்லை.

நாலு பேருக்கும் பொதுவாக ஒன்றுமே கிடையாது. கட்டுக்கலைப் பக்கத்து அங்கிளுக்கு அறுபத்தைந்து தாண்டியிருக்கும். மடியில் ஒரு தோல்பை. பக்கத்தில் பேராதனையில் பொறியியல் படிக்கும் பிள்ளை. எதிரே வங்கியில் வேலை செய்யும் ஒருவர். கிழமை நாளெல்லாம் டை கட்டின கழுத்துக்கு இன்று கறுப்பு டீசேர்ட். கடைசியாக அம்பிட்டியப் பக்கத்துச் சிங்களப் பையன். தமிழ் பாதி, சிங்களம் பாதி, மிச்சத்துக்கு ஆங்கிலம் என்று பேசுவான். இவர்களைச் சேர்த்து வைத்திருப்பது புரொக்ரெசிவ் ரொக். ஒரு பாட்டே இருபது நிமிஷம் ஓடும் சங்கதி அது. போன கிழமை யார் என்ன கேட்டார்கள் என்று ஒப்புவிக்க வருகிறார்கள்.

“கேட்டாச்சா?”

“பாதி.”

“பாதி கேட்டவங்க பேசக் கூடாது.” அங்கிள் போட்ட சட்டம். பையன் வாயை மூடிக்கொண்டு ரோல்ஸை எடுத்தான்.

பிள்ளை கொண்டு வந்தது ஸ்டீவன் வில்சனின் ‘தி ஓவர்வியூ’. 2025 மார்ச்சில் வெளியான இசைத்தட்டு. மொத்தமே இரண்டு பாட்டு, ஒன்று இருபத்துமூன்று நிமிஷம், மற்றது பதினெட்டு. விண்வெளியிலிருந்து பூமியைத் திரும்பிப் பார்த்த மனுஷனுக்கு உள்ளே என்ன ஆகும் என்பதுதான் விஷயம். அவள் அதைச் சொல்லவில்லை. கெட்டம்பையைப் பற்றிச் சொன்னாள். பேராதனையில் பஸ் ஏறும்போது முதல் பாட்டைப் போட்டால், கெட்டம்பையில் நெரிசல் இருந்தால் கண்டிக்கு வரமுன் முடிந்துவிடுமாம். ரோட்டு வெறிச்சென்று இருந்தால் முடியாதாம். “அதனால டிரஃபிக் இருந்தா இப்ப கோவம் வர்றதில்ல அங்கிள்.”

விண்வெளி என்றதும் அங்கிள் ஆர்தர் சி. கிளார்க்கை இழுத்து வந்தார். கொழும்பில் குடியிருந்த அந்த மனுஷன் 1986இல் எழுதிய நாவலை வைத்து மைக் ஓல்ட்ஃபீல்ட் 1994இல் ஒரு முழு இசைத்தட்டே போட்டார் என்றார். பிள்ளை போனில் பெயரைக் குறித்துக்கொண்டாள். அடுத்த கிழமைக்கு வீட்டுவேலை தயார்.

வங்கிக்காரர் டிரீம் தியேட்டர் ஆள். 2010இல் பிரிந்துபோன டிரம்ஸ்காரர் மைக் போர்ட்னோய் திரும்பி வந்து வாசித்த ‘பாரசோம்னியா’வைப் பற்றி, தொலைந்த தம்பி வீட்டுக்கு வந்த மாதிரி சொல்லிக்கொண்டே போனார். சொல்லும்போது இரண்டு கையும் காற்றில் டிரம்ஸ் அடித்தன, செருப்புக்கால் மேசையடியில் தட்டியது.

அங்கிள் பொறுமையாகக் கேட்டார். “நல்லா வாசிக்கிறாங்க தம்பி. ஆனா யாரோ பின்னால விரட்டுற மாதிரியே வாசிக்கிறாங்க.”

வங்கிக்காரர் பிளேன்டீயைக் கலக்கத் தொடங்கினார். சீனி எப்போதோ கரைந்துவிட்டது. அவர் நிறுத்தவில்லை. இதில் நான் அங்கிள் கட்சி. ஆனால் கேட்காதவனிடம் அபிப்பிராயம் சொல்வது அடுத்த மேசைக்காரனுக்கு அழகல்ல.

அங்கிளுக்கே புரிந்திருக்க வேண்டும். பேச்சை மாற்றத் தோல்பையைத் திறந்து ஒரு கேசட்டை மேசையில் வைத்தார். முதுகில் நீல மையில், பள்ளிக்கூடக் கையெழுத்தில் ‘ஜெத்ரோ டல்’ என்று இருந்தது. ஓரத்தில் ஒட்டியிருந்த தாள் பழுப்பேறி, வெயிலில் காய்ந்த புகையிலை நிறத்தில் இருந்தது. எழுபதுகளின் கடைசியில் ரெக்கோர்டிங் பாரில் காசு கொடுத்துப் பதிந்தது. அதற்கு முன் இறக்குமதிக் கட்டுப்பாடு. வெளிநாட்டிலிருந்து வந்தவர் பெட்டியில் இருந்தால்தான் இசைத்தட்டு. 1977க்குப் பிறகு கதவு திறந்தது, பதிகிற கடைகளும் முளைத்தன.

உள்ளே இருந்தது ‘திக் அஸ் எ பிரிக்’, 1972. இரண்டு பக்கமும் ஒரே பாட்டு, நாற்பத்துமூன்று நிமிஷத்துக்கு மேல். ஆனால் அறுபது நிமிஷக் கேசட்டில் ஒரு பக்கத்துக்கு முப்பது நிமிஷம் உண்டு. மிஞ்சுகிற டேப்பைச் சும்மா விட ரெக்கோர்டிங் பார்க்காரருக்கு மனம் வரவில்லை. இரண்டு பக்கக் கடைசியிலும் போனி எம் பாட்டைப் போட்டு நிரப்பிக் கொடுத்துவிட்டார்.

“இப்ப போன்ல கேட்டாலும், முடிஞ்ச உடனே போனி எம் வரணும் எனக்கு. வராட்டி பாட்டு முடியல.”

பிள்ளை சிரித்துச் சிரித்து மேசையில் தலையை வைத்துவிட்டாள். வங்கிக்காரரும் கலக்குவதை நிறுத்தினார்.

பிறகு பேச்சு பீட்டர் கேப்ரியலுக்குப் போனது. ஜெனசிஸின் பழைய பாடகர். அவர் 1989இல் போட்ட ‘பேஷன்’ இசைத்தட்டில் வயலின் வாசிப்பது எல். சங்கர் என்றார் அங்கிள். பையனுக்குப் பெயர் புதிது. சங்கரின் அப்பா லட்சுமிநாராயணா யாழ்ப்பாணத்தில் இசை கற்பித்தவர், பிள்ளைகள் வளர்ந்ததும் அங்கேதான், 1958 கலவரத்துக்குப் பிறகு குடும்பம் மெட்ராசுக்குப் போய்விட்டது என்று அங்கிள் இரண்டே வரியில் முடித்தார். ஆண்டைச் சொல்லும்போது குரல் ஏறவும் இல்லை, இறங்கவும் இல்லை. பையன் கேட்டது ஒன்றுதான்: “திரும்பி வரலையா அங்கிள்?”

“சங்கர் ஜோன் மெக்லாஃப்லினோட சக்தி குழுவுக்குப் போயிட்டார்” என்றார் அங்கிள். அந்தப் பதிலில் எவ்வளவு விட்டுப்போயிற்று என்று மேசையில் எல்லோருக்கும் தெரிந்துதான் இருந்தது.

பாட்டுக் கேட்கும் நேரம். பிள்ளையிடம் இருப்பது வயர் வைத்த ஹெட்செட். ஒரு காது அவளுக்கு, மறு காது பையனுக்கு. பிங்க் புளொய்டின் ‘மணி’, 1973. தொடக்கத்தில் காசு விழும், தாள் கிழியும், கல்லாப்பெட்டி மணி அடிக்கும். ஆளுக்கு ஒரு பக்கம் என்பதால் அவள் புருவம் உயரும்போது பையன் சும்மா இருக்கிறான், பையன் தலையாட்டும்போது அவள் காத்திருக்கிறாள். ஒரே பாட்டை ஆளுக்குப் பாதியாகக் கேட்டுவிட்டு, முழுதாகச் சண்டை பிடிப்பார்கள்.

ஓசைக்கு ஒன்றாக ஏழு துண்டு டேப்பை அளவுகோலால் அளந்து வெட்டி, வளையமாக ஒட்டி ஓடவிட்டார்கள் என்று அங்கிள் விளக்கினார். அறுந்த கேசட்டைச் செலோடேப் போட்டு ஒட்டின கை. சொல்லும்போது கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் இல்லாத டேப்பைப் பிடித்திருந்தன.

வங்கிக்காரருக்கும் கேட்க வேண்டும் என்று ஹெட்செட்டைக் கழற்றி, போனை வெறும் கிளாசுக்குள் இறக்கினார்கள். சத்தம் கணீரென்று வந்தது. கல்லாப்பெட்டி மணி கேட்டதும் கடைக்கார நானா திடுக்கிட்டுத் தன் மேசை லாச்சியைப் பார்த்தார்.

பேஸ் கிட்டார் தொடங்கியது. அங்கிள் மேசை விளிம்பில் ‘தகிட தகதிமி’ என்று விரலால் போட்டார். மிஸ்ர சாப்பு, ஏழு. பையன் உள்ளங்கையால் தட்டினான். பள்ளிக்கூடத்தில் கெட்ட பெரய என்ற கண்டி மேளம் பழகினவன். “மெதும் மஹ தெதித” என்றான். கண்டி மேளக் கணக்கில் அதுவும் மூன்றும் நாலும்தான். இரண்டு கையும் ஒரே இடத்தில் விழுந்தன. சாக்சபோன் ஓயும்வரை பிசகவில்லை.

வங்கிக்காரர் விடவில்லை. அது மூன்றும் நாலும் இல்லை, நாலும் மூன்றும் என்றார். பிள்ளை அவர் பக்கம் சேர்ந்தாள். இரண்டு கட்சியும் மேசையைத் தட்ட, கிட்டார் தனி வாசிப்பு வந்தது. அங்கே தாளம் நாலாக மாறிவிடும். ஏழில் போய்க்கொண்டிருந்த கைகள் ஒன்றன்மேல் ஒன்று இடித்துக்கொண்டன. கிளாஸ் சாய்ந்தது, போன் ரோல்ஸ் தட்டில் விழுந்தது, டேவிட் கில்மோர் எண்ணெய்க்குள்ளிருந்து வாசித்தார்.

“இந்த இடத்துல ஏன் நாலுக்கு வந்தாங்க? ஏழுல வாசிக்கப் பயம்” என்றான் பையன்.

“பயமில்ல, மூச்சு விடணும்” என்றாள் பிள்ளை, போனைத் துடைத்துக்கொண்டே.

“வாற கிழமை கெட்ட பெரய கொண்டு வாறேன். அப்ப தெரியும் மூணா நாலா என்டு.”

கணக்கு எழுதிக்கொண்டிருந்த நானா நிமிர்ந்தார். “தம்பி, அத மட்டும் வீட்லயே வச்சிட்டு வாங்க. கீழ் கடைக்காரன் போன ஞாயிறே வந்து, மாடியில தளபாடம் உடைக்கிறீங்களா என்டு கேட்டுட்டுப் போனான்.”