சிக்கனம் வேறு, இழுத்தடிப்பு வேறு

எதையும் தூக்கிப் போட நம் தலைமுறைக்கு மனசு வராது. ஹார்லிக்ஸ் பாட்டில் காலியானால் கடுகு போட்டு வைப்போம். வேட்டி கிழிந்தால் கரித்துணியாக்குவோம். பற்பசைக் குழாயை வெட்டி உள்ளே இருப்பதையும் வழித்து எடுப்போம். இப்படிக் கட்டுசெட்டாக இருந்ததால்தான் ஒற்றைச் சம்பளத்தில் பிள்ளைகளைப் படிக்கவைத்து, வீட்டுக் கடனையும் அடைத்தோம். அந்தக் குணத்தை நான் குறை சொல்ல மாட்டேன். ஆனால் அதைக் காட்டக் கூடாத இடம் ஒன்று உண்டு. சர்க்கரை பார்க்க மேல்கையில் ஒட்டிக்கொள்கிறோமே, அந்தச் சென்சார்தான் அது.

சிங்கப்பூரில் இனிப்புநீர் நமக்குப் புது விருந்தாளி இல்லை. 2016 ஏப்ரலில் அப்போதைய சுகாதார அமைச்சர் கான் கிம் யோங், நீரிழிவுக்கு எதிராகப் போர் என்றே நாடாளுமன்றத்தில் அறிவித்தார். அடுத்த ஆண்டு தேசிய தினப் பேரணி உரையில் அன்றைய பிரதமர் லீ சியன் லூங் ஒரு கணக்குச் சொன்னார்: 60 வயதைத் தாண்டிய இந்தியர்களில் பத்துக்கு ஆறு பேருக்கு நீரிழிவு. கோமள விலாஸிலோ ரேஸ் கோர்ஸ் ரோட்டிலோ நம் வயதுக்காரர்கள் பத்துப் பேர் சேர்ந்து சாப்பிட உட்கார்ந்தால், அதில் ஆறு பேருக்கு அடுத்த வாய் ஒரு கணக்கு. பானங்களுக்கு ஏ, பி, சி, டி என்று தரம் போட்ட நியூட்ரி கிரேட் முத்திரை 2022 டிசம்பர் இறுதியில் வந்தது. ஓராண்டு கழித்துக் கடையில் கலக்கிக் கொடுக்கும் பானங்களுக்கும் அது வந்தது. சர்க்கரை போடாத ‘தே ஓ கொசோங்’ கேட்பவரை இப்போது யாரும் ஏற இறங்கப் பார்ப்பதில்லை.

இந்தச் சென்சாரின் சங்கதியைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். அழுத்துகருவியை மேல்கையின் பின்புறம் வைத்து அமுக்கினால் ‘டக்’ என்று ஒரு சத்தம். ஊசி உள்ளே போய் உடனே திரும்பிவிடும். முடியைப் போல மெல்லிய இழை ஒன்று மட்டும் தோலுக்கடியில் தங்கும். அது ரத்தத்தைத் தொடுவதில்லை. சதைக்குள் ஊறி நிற்கும் நீரில் உள்ள சர்க்கரையைத்தான் அளக்கிறது. அதனால் விரல்நுனி ரத்தத்தில் இப்போது தெரியும் அளவு, இதில் ஐந்து பத்து நிமிடம் பிந்தித்தான் தெரியும். காலையில் மூன்று தோசை உள்ளே போனதும் கைப்பேசியில் அந்தக் கோடு ஏழிலிருந்து பன்னிரண்டுக்கு ஏறுவதைக் கண்ணால் பார்த்தவருக்கு, நான்காவது தோசை வேண்டாம் என்று யாரும் சொல்ல வேண்டியதில்லை.

தேக்கா உணவு நிலையத்தில் ஒரு நண்பர் கேட்டார்: “அண்ணே, பதினாலு நாள் ஆயிடுச்சுன்னு இது நின்னுபோச்சு. ஆனா இன்னும் கெட்டியா ஒட்டிக்கிட்டுத்தானே இருக்கு? இதை ஏமாத்தி மறுபடி ஓட விடலாம்னு ஒருத்தர் சொல்றாரே?”

ஒட்டு கெட்டியாக இருக்கிறது என்பது வேறு, அளவு சரியாக இருக்கிறது என்பது வேறு. அந்த இழையின் மேல் குளுக்கோஸ் ஆக்சிடேஸ் என்ற நொதி பூசியிருக்கிறது. சர்க்கரையோடு வினைபுரிந்து, அதை மின்சாரக் குறியாக மாற்ற உதவுவது அதுதான். நாளாக ஆக அதன் வீரியம் குறையும். நம் உடம்பும் சும்மா இருக்காது. உள்ளே வந்தது அந்நியப் பொருள் என்று கண்டதும் அதைச் சுற்றிப் புரதத்தையும் செல்களையும் படியவிடும். இழைக்குச் சர்க்கரை போய்ச் சேரும் வழி அதனால் அடைபடும். இத்தனை நாள்வரை அளவு நம்பத்தக்கது என்று சோதித்துப் பார்த்துத்தான் கெடு வைக்கிறார்கள். அதற்கு மேல் வரும் எண்ணை நம்புவது, போன வருஷக் காலண்டரைப் பார்த்து முகூர்த்தம் குறிப்பது போலத்தான். அந்த எண்ணை வைத்து இன்சுலின் போடுகிறவருக்கு இது விளையாட்டு இல்லை.

கெடு எல்லாவற்றுக்கும் ஒன்றல்ல. ஃப்ரீஸ்டைல் லிப்ரே 2க்கு 14 நாள், அதன் பிளஸ் வகைக்கு 15. டெக்ஸ்காம் ஜி7க்கு 10 நாள். அது முடிந்தபின் மாற்றிக்கொள்ள 12 மணி நேரம் சலுகை உண்டு. தோலுக்கடியில் மருத்துவரே பொதித்துவைக்கும் எவர்சென்ஸ் வகை ஒன்றுக்கு 2024இல் அமெரிக்காவில் ஓராண்டுவரை அனுமதி கிடைத்தது. பக்கத்து வீட்டுக்காரர் கணக்கு நமக்கு ஆகாது. நம் பெட்டியில் அச்சடித்திருப்பதே நம் கணக்கு.

கெடுவுக்கு முன்பே கழற்ற வேண்டிய நேரங்களும் உண்டு. ஒட்டிய இடம் சிவந்து வீங்கினால், வலித்தால், ரத்தம் நிற்காமல் கசிந்தால் கழற்றுங்கள். பாதி பிய்ந்து இழை வெளியே வந்துவிட்டால் அதைத் திரும்பச் செருகாதீர்கள். எம்ஆர்ஐ எடுக்கப் போகும்போதும் கழற்ற வேண்டியிருக்கலாம்; உங்கள் சென்சாருக்கு எப்படி என்று முன்பே கேட்டுக்கொள்ளுங்கள். தேதி உங்கள் கையில் இருந்தால், சென்சாரின் கெடு முடிகிற நாளை ஒட்டி வைத்துக்கொள்ளுங்கள், காசு மிச்சம். கை நடுங்கி வேர்க்கிறது, எண்ணோ எட்டு என்கிறது என்றால் எண்ணை விட்டுவிட்டு விரலில் குத்திப் பாருங்கள். இரண்டும் அடிக்கடி ஒத்துப்போகாவிட்டால் அந்தச் சென்சாரை மாற்றுங்கள்.

ஆனால் எண் தப்பாகத் தெரிந்தால் எல்லாம் சென்சாரின் குற்றமும் இல்லை. அந்தக் கைமேல் அழுத்திப் படுத்தால், இல்லாத தாழ்சர்க்கரையை அது நடுராத்திரியில் காட்டும். சளிக்கு நல்லது என்று வைட்டமின் சி மாத்திரையை அளவுக்கு மீறிப் போட்டால் லிப்ரே கூட்டிக் காட்டும். புதிதாக ஒட்டிய முதல் நாளும் கொஞ்சம் தடுமாறும். அதனால்தான் படுக்கப் போகிற நேரத்தில் மாற்றாதீர்கள் என்கிறேன். காலையில் மாற்றினால், லிப்ரே விழித்துக்கொள்ளும் ஒரு மணி நேரமும் நம் கண்முன்னால் கழியும்; சந்தேகம் வந்தால் விரலில் குத்திப் பார்க்கவும் பகல் இருக்கிறது.

நம் வீட்டுக்கென்றே ஒரு சங்கடம் உண்டு. தீபாவளிக்கு விடிகாலையில் தலை முழுக நல்லெண்ணெய் தேய்க்கிறோம். எண்ணெய் பட்ட தோலில் பசை நிற்காது. குளித்து, சோப்புப் போட்டு, நன்றாக ஈரம் துடைத்து, ஆல்கஹால் துடைப்பானால் தேய்த்து உலரவிட்ட பிறகே புதியதை ஒட்டுங்கள். இடம் மாற்றி மாற்றி, இந்தத் தடவை இடக்கை என்றால் அடுத்த தடவை வலக்கையில் ஒட்டுங்கள். கழற்றியதையும் அழுத்துகருவியையும் அப்படியே குப்பைக் குழாயில் போடாதீர்கள். கருவிக்குள் ஊசி இருக்கிறது. அழுத்தமான மூடியுள்ள டப்பாவில் போட்டு மூடுங்கள். குப்பை அள்ளுகிறவரும் யாரோ ஒருவர் வீட்டுப் பிள்ளை.

இனிக் காசு. 14 நாளுக்கு ஒன்று என்றால் ஆண்டுக்கு 26 சென்சார். ஓய்வூதிய வயதில் அது பாரம்தான், மறுக்கவில்லை. வழி இருக்கிறது. இன்சுலின் போடாமல் மாத்திரையில் மட்டும் இருப்பவர்களில் பலருக்கு வருஷம் முழுதும் இது தேவைப்படாது. பலதுறை மருந்தகத்தில் மருத்துவரைப் பார்க்கப் போவதற்கு முந்தைய இரண்டு வாரம் மட்டும் ஒன்றை ஒட்டி, அந்தப் பதிவைக் காட்டலாமா என்று கேளுங்கள். 3.9க்கும் 10க்கும் நடுவே நாளில் எத்தனை பங்கு நேரம் இருக்கிறோம் என்று மருத்துவர் பார்ப்பார். பொதுவாக 70 விழுக்காடு இருந்தால் நல்லது. வயது முதிர்ந்து உடல் தளர்ந்தவர்களுக்கு 50 போதும் என்பார்கள். அவர்களுக்குச் சர்க்கரை தாழ்ந்துபோவதுதான் பெரிய ஆபத்து. ஊரில் இருக்கும் தங்கச்சி போனில் “எனக்கு 180” என்றால் பதறாதீர்கள். அவர்கள் கணக்கை 18ஆல் வகுத்தால் நம் கணக்கு. அதுவும் 10தான்.

ஒட்டாமல் இருக்கும் மாதத்தில் விரலில் குத்திப் பார்த்துக்கொள்ளலாம். ஒட்டியிருக்கும் நாளில் அது கெடுவுக்கு உட்பட்டதாக இருக்க வேண்டும். தவணை முடிந்த ஒன்றை நாலு நாள் கூட இழுத்து மிச்சம் பிடித்த காசு, ஒரு தடவை மயங்கி விழுந்து ஆம்புலன்சில் போனால் அன்றைக்கே கரைந்துவிடும். இடைவெளி விட்டு ஒட்டுவது சிக்கனம். கெடு தாண்டி ஓட்டுவது இழுத்தடிப்பு.

பிள்ளைகளுக்கும் ஒரு வார்த்தை. அப்பாவுக்கு இதை வாங்கிக் கொடுத்ததோடு கடமை முடிந்தது என்று இருந்துவிடாதீர்கள். மாற்றும் தேதியை உங்கள் கைப்பேசியிலும் குறித்துவையுங்கள். வீட்டில் எப்போதும் ஒன்று கூடுதலாக, வெயிலும் காரின் சூடும் படாத இடத்தில் இருக்கட்டும். என் வயதுக்காரர்களே, நீங்கள் இன்றைக்கே பெட்டியை எடுத்துக் கெடு என்ன என்று பாருங்கள். முடிந்திருந்தால் யோசிக்காமல் கழற்றிவிடுங்கள்.