பெர்க்லி நகரின் அங்காடியிலே...

அமெரிக்காவின் மேற்குக் கரையில், சான்பிரான்சிஸ்கோ மாநகருக்கு எதிரே, வளைகுடாவின் கீழ்க்கரையில் அமைந்திருக்கும் அழகிய ஊர் பெர்க்லி. சான்பிரான்சிஸ்கோவில் புறப்படும் மின்ரயில், கடலடியில் பதிக்கப்பட்ட குழாயினூடே ஓடி நம்மை இக்கரை சேர்க்கிறது. இவ்வூரைப் பல்கலைக்கழகத்தால் அறிந்தோர் பலர். 2009-ஆம் ஆண்டில் இங்கு உருவான ஸைத்தூனா முஸ்லிம் கல்லூரியால் அறிந்தோரும் உளர். ஆயின், நம் வீட்டுப் பிள்ளைகள் இன்று ஆசையோடு கேட்கும் ‘புரோட்டீன் பார்’ என்னும் தின்பண்டத்தின் வரலாற்றிலும் இவ்வூருக்குத் தனி இடம் உண்டு என்பதை அறிந்தோர் சிலரே.

பிரையன் மேக்ஸ்வெல் என்பார் கனடா நாட்டு நெடுந்தூர ஓட்டக்காரர். 1983-ல் லண்டன் மாரத்தான் போட்டியில், முன்னணியில் ஓடிக்கொண்டிருந்தவர் வழியிலேயே சோர்ந்து பின்தங்கினார். ஓடும்போதே உண்ணத்தக்க, வயிற்றைக் கெடுக்காத உணவொன்று வேண்டும் என்ற எண்ணம் அவருக்குள் வேரூன்றியது. 1986-ல் இதே பெர்க்லியில் ‘பவர்பார்’ பிறந்தது. நான்கு ஆண்டுகளுக்குப் பின் கேரி எரிக்சன் என்ற மிதிவண்டி வீரர், 175 மைல் நீண்ட ஒரு பயணத்தில் அத்தகைய பார்களையே தின்று தின்று சலித்து, ஆறாவதை விழுங்க இயலாமல் நிறுத்திவிட்டார். தம் தாயாரின் சமையலறையில் புகுந்து ஓட்ஸ் முதலிய தானியங்களைக் கொண்டு அவர் செய்து பார்த்த பண்டமே, 1992-ல் அவருடைய தந்தையாரின் பெயரைத் தாங்கி ‘கிளிஃப் பார்’ என வெளிவந்தது. ஒரு தாயின் அடுப்படியில் தொடங்கிய அந்நிறுவனம், 2022-ல் ஏறத்தாழ 290 கோடி டாலருக்கு விலைபோனது!

இத்தகைய பார்களுள் ஒருவகை, பாலோ முட்டையோ தேனோ சேராதது. அதனை ‘வீகன்’ என்பர். விலங்கிலிருந்து கிடைக்கும் எதனையும் உண்ணாதோரைக் குறிக்க, 1944-ல் இங்கிலாந்தில் டொனால்ட் வாட்சன் என்பாரும் அவர்தம் நண்பர்களும் புழக்கத்திற்குக் கொண்டுவந்த சொல் அது.

பழைய பந்துருட்டும் விளையாட்டுக் கூடமொன்றில் 1977-ல் தொடங்கப்பெற்றதால் ‘பெர்க்லி பவுல்’ எனப் பெயர் பெற்ற அங்காடி இவ்வூரில் உள்ளது. என் தங்கையோடும் அவளுடைய ஏழு வயது மகனோடும் அங்கே சென்றிருந்தேன். அச்சிறுவனுக்குப் பசும்பால் ஆகாது. வயிற்று உப்புசத்தோடு போகிற குறையன்று அது. உடல் தடித்து, மூச்சுத் திணறுமளவுக்குக் கொண்டுபோகும் ஒவ்வாமை. ஆகவே, தங்கையின் கைப்பையில் ஊசி மருந்து எப்போதும் இருக்கும்.

சிறுவன் ஒரு சாக்லேட் பாரை எடுத்து நீட்டினான். “உம்மா, இதுல வீகன்னு போட்டிருக்கு. நான் திங்கலாம்தானே?”

அவள் அதை வாங்கிப் பின்புறம் திருப்பினாள். பொடி எழுத்துகளை விரலால் தொட்டு வாசித்தாள். “பால் சேர்ந்த பண்டம் செய்யிற எந்திரத்துலயே இதையும் செஞ்சிருக்காங்களாம். வேண்டாம் வாப்பா” என்று இருந்த இடத்திலேயே வைத்தாள். அவன் முகம் வாடியது. ஆனாலும் அடம் பிடிக்கவில்லை.

வாசக நேயர்களே! அந்தத் தாய் அறிந்திருந்ததை நாமும் அறிவது நல்லது. ‘வீகன்’ என்பது, விலங்குப் பொருள் எதனையும் சேர்க்கவில்லை என்ற அறிவிப்பு. துளியளவு பாலும் ஒட்டவில்லை என்பதற்கு அது உறுதியாகாது. அமெரிக்க உணவுத் துறை அச்சொல்லுக்குச் சட்ட விளக்கம் எதனையும் வகுக்கவில்லை. பால் சேர்த்திருந்தால் அதனைக் குறிப்பிட்டே ஆகவேண்டும் என 2004-ல் இயற்றப்பட்ட சட்டம் கட்டளையிடுகிறது. ஆனால், ‘பால் கலந்திருக்கக்கூடும்’ என்ற எச்சரிக்கையை அச்சிடுவது உற்பத்தியாளரின் விருப்பத்தைப் பொறுத்ததே. மேலும், ‘நான்-டெய்ரி’ என விற்கப்படும் சில பண்டங்களில் பாலின் புரதமாகிய கேசீன் சேர்வதுண்டு. ‘வே’ என்று கண்டால், பாலாடைக்கட்டி செய்கையில் பிரியும் தெளிநீரின் புரதம் அது என்று உணர்க.

ஹலாலைப் பேணும் நமக்கு இன்னொரு கவனமும் தேவை. வீகன் பண்டத்தில் விலங்கின் ஜெலட்டின் இராது என்பது ஆறுதல்தான். எனினும் மதுசாரம் தாவரத்திலிருந்தும் கிடைப்பதாயிற்றே! அமெரிக்க விதிப்படி வனிலா எசன்ஸில் குறைந்தது 35 விழுக்காடு மதுசாரம் இருக்கவேண்டும். எனவே வீகன் என்ற ஒரு சொல்லே ஹலாலுக்குச் சான்றாகிவிடாது. ஐயம் எழுமிடத்தில் ஹலால் முத்திரையைப் பார்ப்பதும், மார்க்கம் அறிந்த உலமாக்களிடம் கேட்டுத் தெளிவதுமே முறை.

சுவையைப் பற்றியும் சொல்லவேண்டுமல்லவா? மூன்று வகைகளை வாங்கினோம். பட்டாணிப் புரதத்தில் செய்தது, பச்சை மாவை மென்றாற்போல் நாவில் ஒட்டியது. சோயாவில் செய்தது மென்மையாயிருந்தாலும் இனிப்பு மிகுதி. மூன்றாவதில் சர்க்கரை குறைவு. ஆனால் சிக்கரி வேரின் நார்ச்சத்து நிறைய. நம் காப்பித் தூளில் கலக்கும் அதே சிக்கரிதான்! அந்த நார் அளவு மீறினால் வயிறு உப்பிவிடும்.

இறுதியில் சிறுவனின் வாட்டத்தைத் தீர்த்தது பேரீச்சம்பழம். கலிபோர்னியாவின் தென்பகுதியில் கோச்செல்லாப் பள்ளத்தாக்கு பேரீச்சைக்குப் பேர்பெற்றது. அங்கு ‘மெக்கா’ என்றே ஒரு சிற்றூர் உண்டு. 1927-ல் மொராக்கோ நாட்டுப் பாலைவனச் சோலையிலிருந்து கொண்டுவரப்பட்ட 11 மெஜூல் கன்றுகளின் வழித்தோன்றல்களே இன்று இந்நாட்டில் கனி தருகின்றன. நம் மக்கள் நோன்பு திறக்கும் அக்கனியே, இங்கு பல வீகன் பார்களுக்கு இனிப்பாகவும் பசையாகவும் விளங்குகிறது.

தங்கை வீட்டிற்கு வந்து தானே செய்தாள். வறுத்துத் தோல் நீக்கிய நிலக்கடலை 200 கிராம், கொட்டை நீக்கிய பேரீச்சம்பழம் 200 கிராம், ஒரு சிட்டிகை உப்பு. கடலையைக் கொரகொரப்பாகப் பொடித்து, பழத்தோடு சேர்த்து அரைத்து, தட்டில் அழுத்திப் பத்துத் துண்டுகளாக வெட்டினாள். ஒவ்வொன்றிலும் ஏறத்தாழ 5 கிராம் புரதம். ஒரு முட்டையில் இருப்பதைவிடச் சற்றே குறைவு. அறுபது கிலோ எடையுள்ள ஒருவருக்கு நாளொன்றுக்கு வேண்டிய புரதம் சுமார் 50 கிராம் என்பதை நினைத்துப் பார்த்தால், இது எளிய தொகையன்று. பாலும் நெய்யும் சேராத நம் கடலை மிட்டாயும் இவ்வினத்தைச் சேர்ந்ததே. நிலக்கடலையே ஆகாத பிள்ளைகளும் உண்டு. அவர்களுக்கு இதைக் கொடுத்துவிடக் கூடாது.

தாய்மார்களே! உங்கள் இல்லத்திற்கோ, உறவினர் இல்லத்திற்கோ பால் ஆகாத குழந்தை வரக்கூடும். ‘கொஞ்சம் தின்றால் என்ன ஆகிவிடும்’ என்று வற்புறுத்திக் கொடுக்காதீர்கள். அதன் தாய் ‘வேண்டாம்’ என்றால், அதனைச் செல்லம் என்றும் பிடிவாதம் என்றும் எண்ணாதீர்கள். உறையைத் திருப்பிப் படிக்க அரை நிமிடம் போதும். அந்த அரை நிமிடத்தில் ஓர் உயிரின் பாதுகாப்பு அடங்கியிருக்கிறது.