காமிராவின் கண்மணி

கூட்டமாக நின்று போட்டோ எடுத்துக்கொள்ளும்போது பின் வரிசைக்காரர்களுக்கு எப்போதும் ஒரு பயம் உண்டு: முன்னால் நிற்பவரின் தலை நம்மை மறைத்துவிடுமோ என்பது. மறைக்காவிட்டாலும் முகம் தெரியாமற் போகலாம் என்பதை அநேகர் எண்ணிப் பார்ப்பதில்லை.

நம் குடும்பத்தில் ஒரு பெரியம்மா இருந்தாள். ஆயுளில் அவள் போட்டோவுக்கு நின்றது ஒரே தடவை. ஒரு சஷ்டியப்த பூர்த்தியன்று, மூன்றாவது வரிசையில். தம்பதிகளின் கழுத்து மாலையில் ரோஜா இதழ்களை எண்ணிவிடலாம்; அவ்வளவு தெளிவு. பெரியம்மாவோ புகையால் வரைந்த உருவம் போல் நிற்கிறாள். மண்டபத்தில் வெளிச்சம் போதவில்லை. படக்காரர் லென்ஸின் துவாரத்தை அகலத் திறந்துவிட்டார். பெரியம்மா காலமான பின், அவளுடைய மகள் அந்த முகத்தை மாத்திரம் பெரிதாக்கித் தரும்படி கேட்டாள். பெரிதானது முகமன்று, மங்கல்தான்.

காரணம் எளியது. ஒரு புள்ளியிலிருந்து புறப்படும் ஒளி லென்ஸ் முழுவதிலும் பரவி விழுந்து, கூம்பு போல் குவிந்து, மறுபடியும் ஒரு புள்ளியாகிறது. கூம்பின் நுனி பிலிமின்மேல் விழுந்தால் தெளிவு. மூன்றாம் வரிசையிலிருந்து வரும் ஒளியோ பிலிமுக்கு முன்பே குவிந்துவிட்டு, பிலிமை அடையும்போது மீண்டும் விரிந்து, ஒரு சிறு வட்டமாகப் படிகிறது. துவாரம் அகன்றால் கூம்பும் பருமன், வட்டமும் பெரிது. துவாரம் சிறுத்தால் கூம்பு ஊசி போல் மெலிகிறது. வட்டத்தைப் புள்ளி என்றே நம் கண் நம்பிவிடுகிறது. மூக்குக் கண்ணாடியை மறந்து வந்த பெரியவர், கண்ணைச் சுருக்கிக்கொண்டு பஸ்ஸின் பெயர்ப் பலகையைப் படிக்கிறாரே, அதுவும் இதே வித்தைதான்.

துவாரத்தின் எண்களில் ஒரு வேடிக்கை உண்டு: எண் சிறிதானால் துவாரம் பெரிது. 50 மில்லிமீட்டர் லென்ஸில் எஃப் 2 என்றால் துவாரத்தின் குறுக்களவு 25 மில்லிமீட்டர். எஃப் 16 என்றால் மூன்று மில்லிமீட்டர் சொச்சம். 35 மில்லிமீட்டர் பிலிமில், 3 மீட்டர் தூரத்தில் உள்ளவருக்குக் குறி வைத்தால், எஃப் 2-இல் தெளிவாக விழும் ஆழம் சுமார் ஒரு முழம். எஃப் 16-இலோ ஏறக்குறைய 2 மீட்டரிலிருந்து 7 மீட்டர் வரையில் தெளிவு. மூன்று வரிசை என்ன, பந்தலே அடங்கிவிடும்!

ஆனால் இதற்கு விலை உண்டு. உள்ளே வரும் ஒளி 64-இல் ஒரு பங்காகக் குறைகிறது. ஒரு விநாடியில் 500-இல் ஒரு பங்கு போதுமாயிருந்த இடத்தில் எட்டில் ஒரு பங்கு வேண்டும். அதற்குள் மடியிலுள்ள குழந்தை தலையைத் திருப்பிவிடும். மேலும், துவாரத்தை மிகமிகச் சுருக்கினால் ஒளி அதன் விளிம்பில் வளைந்து பரவி, படம் முழுவதையுமே சற்று மழுக்கிவிடுகிறது. வரிசைகளை நெருங்கி நிற்கச் சொல்லும் படக்காரரிடம் நாம் கோபித்துக்கொள்ளாமலிருப்பது நலம்.

சிலர் இந்தத் துவாரத்தையே ஒரு கட்சியாக்கிக்கொண்டதும் உண்டு. 1932-இல் ஸான் பிரான்ஸிஸ்கோவில் ஆன்ஸல் ஆடம்ஸ், எட்வர்ட் வெஸ்டன் முதலியோர் கூடிய குழுவுக்குப் பெயரே 'எஃப் 64'. அருகிலுள்ள கல்லும் தொலைவிலுள்ள மலையும் ஒருங்கே துலங்க வேண்டும் என்பது அவர்கள் கொள்கை. நேர் எதிர்க் கட்சி, 1815-இல் கல்கத்தாவில் பிறந்து 1879-இல் இலங்கையில் மறைந்த ஜூலியா மார்கரெட் காமெரான் அம்மையாருடையது. அவர் எடுத்த முகங்களில் கண் தெளிந்திருக்கும், தோள் கரைந்திருக்கும். அக்காலத்து விமரிசகர்கள் குறி தவறிய படங்கள் என்று பரிகசித்தார்கள். நமக்கோ அந்த முகங்களே பிடித்திருக்கின்றன. அங்கே மங்கியவை தோளும் துணியுமே; மனிதர்கள் அல்லர்.

இக்காலத்துக் கைபேசிகளில் லென்ஸ் மிகச் சிறிது. ஆகவே பின் வரிசைக்கும் பெரும்பாலும் முகம் கிடைத்துவிடுகிறது. பின்னணி மங்கலாக வேண்டும் என்று ஆசைப்படுவோருக்கு, அந்த மங்கலைக் கைபேசியே கணக்குப் போட்டுப் பூசித் தருகிறது. சில சமயம் காதோரத்து மயிரையும், பாதித் தோட்டையும் பின்னணி என்றெண்ணி அழித்தும் விடுகிறது.