டிப்பி வெளியேறிய பின்

1881 முதல் லண்டனில் இயங்கிவரும் இயற்கை வரலாற்று அருங்காட்சியகம், 1979 முதல் தன் மைய மண்டபத்தில் நின்ற ‘டிப்பி’யை, அதாவது டிப்ளோடோகஸ் என்னும் தொல்விலங்கின் எலும்புக்கூட்டைப் பார்த்து உருவாக்கப்பட்டு 1905இல் நிறுவப்பட்ட சாந்து வார்ப்பை, 2017இல் அகற்றி, அவ்விடத்தில் 25.2 மீட்டர் நீளமுள்ள நீலத் திமிங்கிலத்தின் உண்மையான எலும்புக்கூட்டைத் தொங்கவிட்டது. வேட்டையால் அழிவின் விளிம்புக்குத் தள்ளப்பட்டு, 1966இல் உலகளாவிய பாதுகாப்பைப் பெற்ற இனம் அது. அதனாலேயே இந்த எலும்புக்கூட்டுக்கு ‘நம்பிக்கை’ எனப் பொருள்படும் ‘ஹோப்’ என்ற பெயர் சூட்டப்பட்டது.

எனினும் இம்மாற்றத்தைவிடப் பெரியது, டிப்பி 2018 முதல் 2021 வரை மேற்கொண்ட பயணமே. டார்செட்டில் தொடங்கி நாரிச் பேராலயத்தில் முடிந்த அப்பயணத்தில், ராச்டேல் நகரின் நகராட்சி அலுவலகக் கட்டடத்திலும் அந்த வார்ப்பு நின்றது. வரி செலுத்தவும் நூலகத்தில் நூல் எடுக்கவும் வந்தவர்கள், அருங்காட்சியகத்தைத் தேடிச் செல்லாமலேயே அதன் பார்வையாளர்களானார்கள். மக்களை உள்ளே அழைப்பதோடு நில்லாமல், சேகரிப்பையே அவர்கள் அன்றாடம் புழங்கும் இடத்துக்கு எடுத்துச் சென்ற இந்தத் துணிவு மனமாரப் போற்றத்தக்கது.

அருங்காட்சியகம் 2024இல் திறந்த ஐந்து ஏக்கர் தோட்டங்களோ மற்றொரு வழியைக் காட்டுகின்றன: அங்கே ஒலி உணரிகளும், மண்ணிலும் நீரிலும் உயிரினங்கள் விட்டுச்செல்லும் மரபணுத் தடயங்களைக் கண்டறியும் ஆய்வும் நகரின் உயிர்வளத்தைத் தொடர்ந்து பதிவுசெய்கின்றன, பார்வையாளர் நடந்து செல்லும் நிலமே ஆய்வுக்களமாகவும் விளங்குகிறது.